சம்ப்பைக் கழற்றிய பிறகு எதை மாற்றுவது, எதை விடுவது?

"சம்ப்பை இறக்கியாகிவிட்டது சார். பம்ப்பை மட்டும் மாற்றட்டுமா, செயின் செட்டையும் சேர்த்துப் போடட்டுமா? மதியத்துக்குள் சொல்லிவிட்டால் சாமான் வாங்க ஆள் அனுப்பிவிடுவேன்."

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு போன் என்றாவது ஒருநாள் வரும். சம்ப் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. பம்ப் அந்த ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும் ஆயில் பம்ப். செயின் என்பது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின். பழுதானது ஒரே சாமான். வாசிக்கப்படும் பட்டியலிலோ பத்து இருக்கும். வேண்டாததையெல்லாம் தலையில் கட்டுகிறாரோ என்று ஒரு பக்கம் சந்தேகம். வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு எஞ்சினே போய்விட்டால் என்ற பயம் மறுபக்கம். யோசிக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம்.

இந்தக் கேள்விக்கு நான் ஒரே காருக்காக ஏழு வார இடைவெளியில் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன். முதல் பதில் தவறு.

வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, பொள்ளாச்சியில் ஒரு சிக்னலில் நின்றபோது ஆயில் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும், எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்தது, விட்டால் எரிந்தது. ஒர்க் ஷாப்பில் ஆயில் பம்ப் போய்விட்டது என்றார்கள். "பம்ப் மட்டும் போதும்" என்றேன். எஞ்சினின் முன் கவரைக் கழற்றிப் புது பம்ப் போட்டார்கள். மற்றவை பழையபடியே மாட்டப்பட்டன. ஐந்தாவது வாரம் விளக்கு மறுபடி எரிந்தது. ஏழாவது வாரம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் செயின் சலசலக்கும் சத்தம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதில் மூத்த மெக்கானிக். பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும், வலை வைத்த ஸ்ட்ரெய்னர் குழாயைக் கழற்றி, அதன் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். வளையல் போல உருண்டு திரண்டிருக்க வேண்டிய ரப்பர், ஒரு பக்கம் தட்டையாக அமுங்கி, காய்ந்த தோல் போல இறுகிக் கிடந்தது. நகத்தால் வளைத்ததும் ஒடிந்துவிட்டது. அந்த இடுக்கு வழியாகப் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்ட்ரெய்னர் வலையில் சாம்பல் நிறச் சேமியாத் துண்டுகள் போல ஏதோ சிக்கியிருந்தன. முந்தைய வேலையில் கவர் இணைப்பில் கசிவைத் தடுக்கத் தாராளமாகத் தடவிய சீலன்ட் பசை, உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்தது அது. ஓ-ரிங்கின் விலை இரண்டு டீயின் விலைதான். அதை எட்டிப் பிடிக்க இன்னொரு முறை இரண்டு நாள் கூலி கொடுத்தேன்.

விளக்கு எரிந்ததும் பம்ப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம்

ஆயில் பம்ப்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது. தள்ளப்பட்ட ஆயில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகளின் மெல்லிய இடைவெளிகளில் புகுந்து வெளியேறத் திணறும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. அந்த இடைவெளி சாதாரணமாக 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை. ஒரு தலைமுடியின் பருமன்கூடப் பெரும்பாலும் இராது. ஆகவே அழுத்தம் குறைந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம். பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், ஓ-ரிங் வழியே காற்று நுழையலாம், மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் இன்னொன்றும் உண்டு: புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால், முதலில் செய்ய வேண்டியது ஆயில் மாற்றுவது.

கடைசியாக, எந்தக் குறையும் இல்லாமல், அழுத்தத்தை அறியும் ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கலாம். அந்த ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் முள் வைத்த கேஜ் ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐடிலிலும் (ஆக்சிலேட்டரைத் தொடாத ஓட்டம்) நிமிடத்துக்கு 2,000 சுற்றிலும் அளந்து பார்ப்பது அரை மணி நேர வேலை. அளவைக் கம்பெனி மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கழற்ற விடாதீர்கள். நான் விட்டேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்கு (சுமார் 30 பிஎஸ்ஐ) மேல். இந்த விளக்கு எரிவதோ பெரும்பாலான கார்களில் அரை பாருக்கும் கீழே போன பிறகு. அது எரியும்போது வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பது எஞ்சினைப் பணயம் வைப்பது.

பழுதானதை மட்டும் மாற்றுவது

முதல் முறை எனக்குக் கை கொடுக்காத வழி என்றாலும், இதைத் தள்ளிவிட மாட்டேன். ஸ்விட்ச், வால்வு கவர் கேஸ்கெட், ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், ட்ரெயின் போல்ட்டின் வாஷர் ஆகியவை எஞ்சினின் வெளிப்புறத்திலேயே இருப்பவை. இன்று ஒன்றையும் அடுத்த வருடம் இன்னொன்றையும் மாற்றினாலும் கூலி வீணாகாது. இப்படிப்பட்ட கசிவுக்காக வந்த வண்டிக்கு முழு கேஸ்கெட் செட் போடச் சொன்னால் மறுத்துவிடலாம்.

கல்லில் அடிபட்ட சம்ப்பும் ஏறக்குறைய இந்த வகைதான். சம்ப்போடு ஸ்ட்ரெய்னரையும் பார்க்க வேண்டும். நெளிந்த தகடு மேலெழும்பி ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்திருக்கலாம். அடிபட்ட உடனே எஞ்சினை நிறுத்தியிருந்தால் வேறெதையும் தொட வேண்டியதில்லை. நிறுத்தினீர்களா இல்லையா என்பதில்தான் இன்சூரன்ஸ் பணமும் தொங்குகிறது. சாதாரண முழு பாலிசியில் அடிபட்ட சம்ப்புக்குப் பணம் கிடைக்கும். ஆயில் வடிந்த பின்னும் ஓட்டியதால் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அதைப் 'பின்விளைவு நஷ்டம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் வழி. போட்டோ எடுத்து, வண்டியை இழுத்துச் சென்று, சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் இருப்பது நல்லது.

ஒரே கூலியில் கைக்கு எட்டுவதை மாற்றுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த நடுவழியைத்தான். ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்பது இதன் பொருள் ஆகாது. இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தச் சாமானை அடுத்த வருடம் மாற்ற வேண்டியிருந்தால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டுமா? இன்று பழுதான சாமானுக்கும் இதற்கும் காரண உறவு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் மாற்றலாம். ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் அது வேறொரு நாளின் செலவு.

ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2007 முதல் 2020 வரை ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது இதுதான். புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா ஆகியவற்றிலும் வந்தது. இதன் உள்ளும் வெளியும் அறியாத டீசல் மெக்கானிக் தமிழ்நாட்டில் அரிது. இதில் ஆயில் பம்ப் முன் கவரோடு சேர்ந்தது. கவருக்குப் பின்னால் டைமிங் செயின். அதாவது பம்ப்புக்காகக் கழற்றினால் செயின் கண்முன் நிற்கிறது. இடத்தால் மட்டும் வந்த உறவு அல்ல இது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. மாதக்கணக்கில் அழுத்தம் குறைந்து ஓடிய எஞ்சினில் டென்ஷனர் தளர்ந்து, செயின் அடித்து அடித்துத் தேய்ந்திருக்கும். செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். ஆகவே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பம்ப்போடு செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த செட்டையும் போட்டுவிட வேண்டும். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினை மட்டும் மாட்டுவது சேமிப்பு ஆகாது. தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும். இவற்றோடு கிராங்க்கின் முன்முனையில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீல், ஸ்ட்ரெய்னரின் ஓ-ரிங், ஒரு முறை மட்டும் முறுக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும் போல்ட்டுகள். இந்தச் சில்லறைச் சாமான்களில் பேரமே கூடாது என்பேன்.

ஸ்ட்ரெய்னர் சீல் விஷயத்தில் என் வண்டி தனி ஆள் அல்ல. பிரிட்டனில் ஓடும் வாக்ஸ்ஹால் இன்சிக்னியாவின் 2.0 லிட்டர் டீசல் எஞ்சினில் இதே சின்ன ரப்பர் சீல் இறுகிப்போவது அங்கே ஒர்க் ஷாப்காரர்கள் நன்கறிந்த கோளாறு.

செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் கணக்கு இன்னும் எளிது. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீலோ கிராங்க் சீலோ கசிந்து பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால், பெல்ட் நேற்றுப் போட்டதாக இருந்தாலும் அது போனதுதான். சீல்கள், பெல்ட், உருளைகள், அந்தப் பெல்ட்டே சுழற்றும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே வேலை. வாட்டர் பம்ப் வெளியிலுள்ள தனிப் பெல்ட்டில் ஓடினால் அதை விட்டுவிடலாம்.

பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சின்களும் உண்டு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் அப்படிப்பட்டது. இந்தியாவில் ஈக்கோஸ்போர்ட்டில் வந்தது. அதில் ஆயில் பம்ப்பைச் சுழற்றுவதும் ஆயிலில் நனைந்த பெல்ட்தான். பெல்ட்டின் பல் உதிர்ந்தாலோ டென்ஷனர் கழன்றாலோ ஆயில் அழுத்தம் இல்லாமல் போகும் என்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 1,40,000 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. இத்தகைய எஞ்சினில் பெல்ட்டை மாற்றிவிட்டு, சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரில் சேர்ந்த ரப்பர் துகள்களைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

பின்பக்கக் கிராங்க் சீலுக்கு வருவோம். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீலின் விலை சில நூறு ரூபாய். கூலி அதைப் போலப் பல மடங்கு. கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் கழுவிப் போடும் பேச்சே வேண்டாம். கிளட்ச் செட்டும் ரிலீஸ் பேரிங்கும் புதிதாகப் போட வேண்டும். இதன் மறுபக்கத்தில்தான் என் கருத்து பலரோடு வேறுபடுகிறது. கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸ் இறங்கும்போது, துளிக் கசிவும் இல்லாமல் உலர்ந்திருக்கும் சீலையும் மாற்றிவிடுங்கள் என்பார்கள். இன்றைய சீல்கள் பலவற்றை ஆயில் தடவாமல், அதற்கான கருவியால், கோணாமல் உட்கார வைக்க வேண்டும். சுத்தியலால் தட்டி மாட்டினால் ஒழுகாததும் ஒழுகும். 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் உலர்ந்த சீலை நான் தொட விடமாட்டேன். 1,50,000 தாண்டி, மெக்கானிக்கிடம் கருவியும் இருந்தால் சரி.

எந்தச் சீல் வேலையிலும் எல்லோரும் மறக்கும் சாமான் பிரீதர். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் வாயு வெளியேறும் குழாயும் வால்வும் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புதுச் சீல் மூன்று மாதத்தில் மறுபடி கசிந்தால், சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் இதே கதை. டர்போ ஆயில் தள்ளுகிறது என்றதும் டர்போவையே மாற்றச் சொல்வார்கள். டர்போவிலிருந்து ஆயில் சம்ப்புக்குத் திரும்பும் குழாயோ பிரீதரோ அடைத்திருந்தாலும் நல்ல டர்போ ஆயில் தள்ளும். தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லையென்றால் ஆயில் குழாயையும் செம்பு வாஷர்களையும் மட்டும் புதிதாகப் போட்டால் போதும்.

நான் ஒப்புக்கொள்ளாத ஒன்று, கசடு பிடித்த பழைய எஞ்சினில் அதைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவது. இளகிய கசடு நேரே ஸ்ட்ரெய்னர் வலையில்தான் போய்ச் சேரும். சம்ப் இறங்கியிருக்கும்போது கையால் வழித்துத் துடைப்பதை விஞ்சிய சுத்தம் கிடையாது.

முழு எஞ்சின் வேலை, அல்லது வேறு எஞ்சின்

இந்த வழிக்குப் போகலாமா என்பதை மெக்கானிக்கின் வார்த்தையோ நம் பயமோ தீர்மானிக்கக் கூடாது. பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். பிழிந்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மடிப்புகளுக்குள் மினுங்குவது தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு; செயின், பம்ப் அல்லது கேம் தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளிப் பொடி போலவோ செம்பு நிறத்திலோ மினுங்கினால் பேரிங் உதிர்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். அப்போது சம்ப் திறந்திருக்கும் நிலையிலேயே பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில் ஒரே ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் பேரிங் ஷெல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நிம்மதி. செம்பு தெரிந்தால், கிராங்க்கின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் கீறலில் சிக்கினால் எஞ்சினை இறக்கி, கிராங்க்கை லேத்தில் கொடுத்து கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். கிரைண்டிங் கூடாது என்று கம்பெனி சொல்லும் கிராங்க் என்றால் புதுக் கிராங்க்தான். சிக்காவிட்டால் ஷெல்களையும் ராட் போல்ட்டுகளையும் மாற்றிப் பிழைக்க வழி உண்டு.

பேரிங் உதிர்ந்த எஞ்சினில் ஆயில் கூலரை மறுபடி போடக் கூடாது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. அதன் உள்ளறைகளில் சிக்கிய பொடியை டீசல் விட்டுக் கழுவினாலும் காற்று அடித்தாலும் முழுமையாக எடுக்க முடியாது. புதிதாகக் கட்டிய எஞ்சினின் முதல் நூறு கிலோமீட்டரில் அந்தப் பொடி புதுப் பேரிங்கில் இறங்கும். பல்லாயிரம் ரூபாய் செலவழித்த வேலையைக் கூலரில் மிச்சம் பிடித்துக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய எஞ்சினை வாங்கி மாட்டுவது பலருக்கு மலிவாகத் தெரியும். சில வேளைகளில் மலிவும்தான். ஆனால் அதன் பேரிங்கையும் நீங்கள் பார்த்ததில்லை. எஞ்சின் எண் மாறுவதால் ஆர்டிஓவில் ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சரியான பில் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். பிளாக் நல்ல நிலையில் இருந்து, நம்பிக்கையான லேத்தும் அருகில் இருந்தால், சொந்த எஞ்சினைக் கட்டுவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கோயம்புத்தூரில் அந்த வசதிக்குக் குறைவில்லை.

சாமான் எங்கே வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28. பம்ப், செயின், பேரிங் மூன்றிலும் கம்பெனி சாமான் அல்லது கம்பெனிக்கே சப்ளை செய்பவரின் சாமான் தவிர வேறு வேண்டாம்.

இரண்டாவது பதில்

மூத்த மெக்கானிக் போன் செய்தபோது நான் கேட்டது மூன்றே கேள்விகள். ஃபில்டரில் என்ன இருந்தது? ராட் ஷெல் எப்படி இருக்கிறது? கவரை மறுபடி கழற்றாமல் பின்னால் மாற்ற முடியாதவை எவை? ஃபில்டரில் கொஞ்சம் இரும்புப் பொடி, செம்பு எதுவும் இல்லை. ஷெல் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. செயின் செட், முன் சீல், ஓ-ரிங், புது ஸ்ட்ரெய்னர், புது போல்ட்டுகள் போடச் சொன்னேன். ஏழு வாரத்துக்கு முன் போட்ட பம்ப்பைத் திறந்து அளந்தார். அளவு சரியாக இருந்ததால் அதையே மறுபடி மாட்டினார். டர்போவும் பின் சீலும் தொடப்படவில்லை. பிரீதர் குழாயைக் கழற்றியபோது உள்ளே பசை போல அடைத்திருந்தது. புதுக் குழாய் போட்டோம்.

மாட்டும்போது அருகில் நின்றேன். சீலன்ட்டை மூன்று மில்லிமீட்டர் கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கம் சுற்றி வருமாறு இழுத்தார். பிதுங்கியதை விரலால் வழித்தார். பம்ப்புக்குள் புது ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றினார். டீசல் போகாமல் செய்துவிட்டு, விட்டு விட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். மூன்றாவது முறையில் கேஜ் முள் எழுந்தது. அதன் பிறகுதான் எஞ்சினைக் கிளப்பினோம்.

ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். மடிப்பு மடிப்பாகக் காந்தத்தை ஓட்டினார். எதுவும் ஒட்டவில்லை.